பாரசீக முகமனும் பொய்யின் எல்லையும்

பாரசீக மொழி பேசுவோர் ஒருவரையொருவர் வரவேற்கும்போதும், நலம் விசாரிக்கும்போதும், கொடுக்கும்போதும், வாங்கும்போதும், விடைபெறும்போதும் கைக்கொள்ளும் முகமன் முறைக்குத் தாரோஃப் என்று பெயர். டெஹ்ரான் கடைத்தெருவில் ஒரு சாமானை எடுத்து விலை கேட்டால், கடைக்காரர் பல வேளைகளில் முதலில் விலையைச் சொல்வதில்லை. ‘காபெல் நதாரெ’ என்பார். உங்களுக்கு முன்னால் இது ஒரு பொருட்டா, வைத்துக்கொள்ளுங்கள் என்பது அதன் கருத்து. வாங்க வந்தவர் அதெல்லாம் வேண்டாம் என்று மறுத்து மறுபடியும் விலை கேட்க வேண்டும். இரண்டு மூன்று சுற்று இப்படிப் போன பிறகு தொகை வெளியே வரும். சொன்ன முகமனுக்காக அதில் சல்லிக்காசு குறையாது. வாடகைக் கார் ஓட்டுபவரும் இதையே சொல்வார். அவர் சொன்னதை அப்படியே நம்பி, நன்றி கூறிவிட்டு நடையைக் கட்டும் வெளிநாட்டவரைப் பற்றிய வேடிக்கைக் கதைகள் ஈரானியரிடம் ஏராளம்.

நண்பனைக் கண்டால் ‘கோர்பூனெத் பெரம்’, அதாவது உனக்காக நான் பலியாகிறேன் என்பது அன்றாடப் பேச்சு. கடிதத்தின் முடிவில் கையெழுத்துக்கு மேலே அதே சொல்லைச் சுருக்கி எழுதுவதும் உண்டு. கடைக்காரர் சாமானை இனாமாகக் கொடுக்கப்போவதில்லை. நண்பன் யாருக்காகவும் சாகப்போவதில்லை. அப்படியானால் இவை பொய்யா? பொய்யை மாபாவமாகக் கொண்ட இரண்டு சமயங்கள், முதலில் ஜொராஸ்திரியமும் பின்னர் இஸ்லாமும், வேரோடிய மண்ணில்தான் இந்த முகமன் இவ்வளவு செழிப்பாக வளர்ந்தது. ஆகவே வெளியார் வந்து கேட்கும் முன்பே பாரசீக உலகின் அறநூலாரும் மார்க்க அறிஞரும் கவிஞரும் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அவர்கள் கண்ட விடைகள் ஒன்றுபோல இல்லை.

முதலில் முகமனின் வடிவங்களைப் பார்த்துவிடலாம். ஒரு வாசலில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்து நின்றால் இருவரும் ‘பெஃபர்மாயீத்’ என்று கை நீட்டுவார்கள். நீங்கள் முதலில் போங்கள் என்பது அங்கே பொருள். அதே சொல் உணவுத் தட்டின் முன் சாப்பிடுங்கள் என்றாகும், நாற்காலியருகே உட்காருங்கள் என்றாகும், தொலைபேசியில் சொல்லுங்கள் என்றாகும். வாசலில் நிற்கும் இருவரில் வயதிலோ பதவியிலோ மூத்தவர் கடைசியில் முதலில் நுழைவார். நுழையும்போது, உங்களுக்கு முதுகைக் காட்டுகிறேன், மன்னியுங்கள் என்பார். பின்னால் வருபவர், பூவுக்கு முன் ஏது, பின் ஏது என்று மறுமொழி சொல்வார். காரில் முன் இருக்கையில் அமர்ந்தவருக்கும் பின்னிருக்கையில் இருப்பவருக்கும் இடையே இதே உரையாடல் நடக்கும்.

வேலை செய்துகொண்டிருப்பவரைக் கடந்து போகும் எவரும் ‘கஸ்தெ நபாஷீத்’, களைப்பு உங்களை அண்டாதிருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். வங்கி எழுத்தருக்கும் சொல்லலாம், தெரு கூட்டுபவருக்கும் சொல்லலாம். ஒருவர் கையிலிருந்து எதையேனும் வாங்கிக்கொண்டால், உங்கள் கை வலிக்காதிருக்கட்டும் என்று வாழ்த்த வேண்டும். உங்கள் தலை வலிக்காதிருக்கட்டும் என்று பதில் வரும். வந்த விருந்தாளியிடம், உங்கள் காலடி என் கண்ணின் மேல் என்பார்கள். பெரியவர்களிடம், உங்கள் நிழல் குறையாதிருக்கட்டும் என்பார்கள். ஒரு விருந்துக்கோ பயணத்துக்கோ போய்வந்ததைப் பற்றி, வராத ஒருவரிடம் பேசும்போது ‘ஜாயெ ஷொமா காலி’, உங்கள் இடம் காலியாக இருந்தது என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் அது மரியாதைக் குறைவு. தமிழில் வழங்கும் ‘காலி’யும் இதே சொல்தான். துக்க வீட்டில் சொல்வது வேறு: இதுவே உங்கள் கடைசித் துக்கமாக இருக்கட்டும்.

சொற்களுக்கும் படிநிலை உண்டு. தன்னைக் குறிக்க ‘பந்தெ’, அடிமை என்ற சொல்லை வழங்கலாம். தான் சொல்வதை விண்ணப்பிப்பதாகவும் எதிரிலிருப்பவர் சொல்வதைக் கட்டளையிடுவதாகவும் கூற வேண்டும். தான் போவது சேவைக்குச் செல்வது. அவர் வருவது எழுந்தருள்வது. மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் பேசும்போது இந்த ஏற்பாடு தலைகீழாகும் என்று எதிர்பார்த்தால் தவறு. இருவருமே தம்மைத் தாழ்த்தி மற்றவரை உயர்த்துவார்கள். ஈரானியரின் மொழியையும் அதிகாரத்தையும் பற்றி 1986-ல் நூல் எழுதிய அமெரிக்க மானிடவியலாளர் வில்லியம் பீமன் இதை நுட்பமாகக் கவனித்தார். இங்கே போட்டி கீழிடத்தைப் பிடிப்பதற்கு நடக்கிறது. தாழ்ந்து பேசியவருக்கு எதிராளியிடம் ஓர் உரிமையும் கிடைத்துவிடுகிறது.

இந்தச் சொற்களில் பல சமயத்திலிருந்து வந்தவை. ‘பந்தெ’ என்பது இறைவனுக்கு முன் மனிதன் தன்னைச் சொல்லிக்கொள்ளும் பெயர். ‘மொக்லெஸ்’ என்று நண்பனிடம் தன்னைக் கூறிக்கொள்பவன் கையாளும் சொல், கலப்பற்ற மனத்தோடு இறைவனை வணங்குபவனைக் குறிப்பது. ‘எராதத்மந்த்’ என்ற கடிதச் சொல்லுக்குள் சூஃபி குருவிடம் சீடன் கொள்ளும் ஒப்படைப்பு இருக்கிறது. வழிபாட்டின் மொழி தெருவுக்கு வந்து தேய்ந்ததா, தெருவின் உறவுகளுக்குள் வழிபாட்டின் பணிவு இறங்கியதா என்று இருவிதமாகவும் வாதிடலாம். இரண்டும் நடந்திருக்கின்றன என்பதே நியாயமான மதிப்பீடு.

முகமனிலேயே முழுக்க மார்க்கக் கடமையாக நிற்பது சலாம். யாரேனும் வாழ்த்தினால் அதைவிடச் சிறப்பாகவோ குறைந்தது அதற்குச் சமமாகவோ மறுவாழ்த்துக் கூற வேண்டும் என்பது குர்ஆனின் நான்காம் அத்தியாயத்தில் உள்ள கட்டளை. பிறர் வீட்டுக்குள் அனுமதி பெற்று, சலாம் கூறியே நுழைய வேண்டும் என்பது இருபத்து நான்காம் அத்தியாயத்தில் வருகிறது. இவற்றிலிருந்து மார்க்கச் சட்ட அறிஞர்கள் விரிவான விதிகளை வகுத்தார்கள். சலாத்தைத் தொடங்குவது விரும்பத்தக்கது. பதில் சொல்வதோ கட்டாயம். ஒரு கூட்டத்துக்குச் சொன்ன சலாத்துக்கு ஒருவர் பதில் சொன்னால் போதும். விவரம் தெரிந்த சிறுவன் சொன்னாலும் பதில் கடமையே. ஈரானில் பெரும்பான்மையான ஷியா மரபின் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: தொழுகையில் நிற்பவருக்கு ஒருவர் சலாம் சொல்லிவிட்டால், தொழுகைக்கு நடுவிலேயே அதே சொற்களில் பதில் சொல்ல வேண்டும். இறைவனோடு பேசிக்கொண்டிருக்கும் வேளையில்கூட மனிதனின் வாழ்த்தைத் திருப்பாமல் விட முடியாது.

யார் முதலில் சொல்வது என்பதிலும் மரபு உண்டு. வாகனத்தில் வருபவர் நடப்பவருக்கும், நடப்பவர் உட்கார்ந்திருப்பவருக்கும், சிலர் பலருக்கும், இளையவர் மூத்தவருக்கும் சொல்ல வேண்டும். கூடவே, சலாத்தின் எழுபது நன்மைகளில் அறுபத்தொன்பது முதலில் சொன்னவருக்கு, ஒன்று பதில் சொன்னவருக்கு என்ற செய்தியும் ஷியா மரபில் பரவலாக வழங்குகிறது. இரண்டும் சேர்ந்தால் சிக்கல் வரத்தான் செய்யும். இளையவன் முந்துவது மரியாதை, முந்தினவனுக்கே புண்ணியம். ஆகவே மார்க்கப் பற்றுள்ள முதியவர் சிறுவனை முந்திக்கொண்டு சலாம் சொல்வதைப் பெருந்தன்மையாகக் கொள்கிறார்கள். கீழிடத்துக்கான போட்டிக்கு இங்கே மறுமையின் ஆதாயமும் சேர்ந்துகொள்கிறது.

சலாம் இறந்தோருக்கும் செல்லும். மஷ்ஹதில் எட்டாம் இமாம் ரெஸாவின் அடக்கத்தலத்துக்கு வருவோர் வாசலில் நின்று நுழைவதற்கு அனுமதி வேண்டும் ஓதலைப் படித்து, நெஞ்சில் கைவைத்துத் தலை தாழ்த்திச் சலாம் கூறுகிறார்கள். இமாம் அதைக் கேட்டுப் பதில் கூறுகிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. புனிதத் தலங்களில் படிக்கப்படும் ஸியாரத் உரைகள் பெரும்பாலும் அடுக்கடுக்கான சலாம்களே. அதே நெஞ்சில் கைவைக்கும் சைகைதான், ஈரானில் உறவுமுறையற்ற ஆணும் பெண்ணும் கைகுலுக்காமல் வணக்கம் தெரிவிக்கும் முறையாகவும் இருக்கிறது.

எந்தச் சொல்லால் வாழ்த்துவது என்பதிலும் வழக்கு உண்டு. சலாம் அரபுச் சொல் என்று கருதுவோர் ‘தொரூத்’ என்ற பழைய பாரசீகச் சொல்லை விரும்புகிறார்கள்; இஸ்லாத்துக்கு முந்தைய ஈரானின் நினைவை அது சுமப்பதாக அவர்களுக்கு ஓர் உணர்வு. விடைபெறும்போது சொல்லும் ‘கொதா ஹாஃபெஸ்’ஸில் உள்ள கொதா, இறைவனைக் குறிக்கும் பாரசீகச் சொல். ஈரானில் யாரும் இதில் குறை காண்பதில்லை. ஆனால் பாகிஸ்தானில் 1980-களிலிருந்து அதற்குப் பதிலாக ‘அல்லா ஹாஃபிஸ்’ பரவியது; இறைவனை அரபுப் பெயரால்தான் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருந்தது. சமய உரிமைகோரல் எதுவும் இல்லாமல் ஊர் கடந்து நிலைத்த பாரசீக வாழ்த்துகளும் உண்டு. மகிழ்ந்திரு என்ற பொருளுள்ள ‘ஷாத் பாஷ்’தான் தமிழ்க் கச்சேரி மேடைகளில் ‘சபாஷ்’ என்று ஒலிக்கிறது.

இனி உண்மைக்கும் பொய்க்கும் வரலாம். பாரசீகர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஐந்து வயதிலிருந்து இருபது வயதுவரை மூன்றே மூன்றைக் கற்பிக்கிறார்கள் என்று கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோதோத்தஸ் எழுதினார்: குதிரையேற்றம், வில்வித்தை, உண்மை பேசுதல். அவர்களுக்கு மிகப் பெரிய இழிவு பொய் சொல்வது, அடுத்தது கடன்படுவது என்றும் சொல்கிறார். கடன்பட்டவன் பொய் சொல்லியே தீருவான் என்பது காரணம். கெர்மான்ஷா அருகே பெஹிஸ்தூன் பாறையில் முதலாம் தாரியஸ் வெட்டுவித்த கல்வெட்டில், தனக்கு எதிராகக் கிளம்பியவர்களின் குற்றமாக மன்னன் திரும்பத் திரும்பச் சொல்வது அவர்கள் பொய்யுரைத்தார்கள் என்பதையே. நல்ல எண்ணம், நல்ல சொல், நல்ல செயல் என்ற ஜொராஸ்திரிய மும்மையில் நடுவில் நிற்பது சொல்.

அதே ஹெரோதோத்தஸ்தான் பாரசீகர்களின் தெருவணக்கத்தையும் பதிவு செய்தார். சமமானவர்கள் சந்தித்தால் உதட்டில் முத்தமிட்டுக்கொள்வார்கள். ஒருவர் சற்றுத் தாழ்ந்தவரானால் கன்னத்தில். மிகத் தாழ்ந்தவரானால் மற்றவர் முன் விழுந்து வணங்குவார். மன்னனுக்குச் செய்த வணக்கம் இதன் உச்சம். பெர்செபொலிஸில் கிடைத்து இப்போது டெஹ்ரான் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் புடைப்புச் சிற்பம் ஒன்றில், அரசவை அதிகாரி சற்றே குனிந்து, கையை வாயருகே கொண்டுபோய் மன்னன் முன் நிற்கிறார். கிரேக்கர்களுக்கு இந்த வணக்கம் பொறுக்கவில்லை. விழுந்து வணங்குவது தெய்வத்துக்கே உரியது என்பது அவர்கள் மரபு. கி.மு. 327-ல் பாக்ட்ராவில் அலெக்சாந்தர் இதைத் தன் கிரேக்க, மாசிடோனியத் துணைவர்களுக்கும் விதிக்க முயன்றபோது, அரிஸ்டாட்டிலின் உறவினரான கலிஸ்தெனிஸ் எதிர்த்தார், முயற்சி கைவிடப்பட்டது. பாரசீகர்களோ தங்கள் மன்னனைத் தெய்வமாகக் கருதியதில்லை. ஒரே உடலசைவு ஒரு சாராருக்கு மரியாதை, மறு சாராருக்குத் தெய்வ நிந்தை. முகமனின் பொருள் அதைப் படிக்கத் தெரிந்தவர்களிடையேதான் நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பழைய சான்று கிடைப்பது அரிது.

இஸ்லாமியக் காலத்தில் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் எடுத்தவர் தூஸ் நகரத்தில் பிறந்த அபூ ஹாமித் கஸ்ஸாலி. அவருடைய பெருநூலான ‘இஹ்யா’வில் நாவின் தீங்குகளுக்கென்று ஒரு தனிப் பகுதி உண்டு. நூறு தடவை உன்னைக் கூப்பிட்டேன் என்று ஒருவன் சொன்னால் அது பொய்யா என்று அதில் கேட்கிறார். பொய்யில்லை என்கிறார். எண்ணிக்கை சொல்வது அவன் நோக்கமல்ல. பல தடவை கூப்பிட்டதைத்தான் மிகைப்படுத்துகிறான். ஆனால் ஒரே ஒரு தடவை கூப்பிட்டவன் அப்படிச் சொன்னால் அது பொய்தான். வழக்கத்தில் உள்ள மிகைக்கு இடம் கொடுத்து, அந்த மிகைக்கு அடியில் கொஞ்சமாவது உண்மை இருக்க வேண்டும் என்று கட்டும் போடுகிறார். இந்தக் கணக்குப்படி, உனக்காகப் பலியாகிறேன் என்பவனுக்கு நண்பன் மேல் துளியாவது அன்பு இருந்தால் தப்பிவிடுவான்.

அடுத்து அவர் எடுக்கும் உதாரணம் தாரோஃபின் மடியிலேயே கைவைக்கிறது. சாப்பிடு என்று ஒருவர் சொல்ல, பசித்திருப்பவன் எனக்கு வேண்டியதில்லை என்கிறான். மக்கள் இதைச் சாதாரணமாக எண்ணுகிறார்கள். தக்க காரணம் இல்லாதபோது இது விலக்கப்பட்ட பொய் என்கிறார் கஸ்ஸாலி. ஆதாரமாக ஒரு நபிமொழியைத் தருகிறார். ஆயிஷாவின் மணநாளன்று நபிகள் ஒரு கிண்ணம் பாலைக் குடித்து மணமகளிடம் கொடுத்தார். பிறகு அது உடன் வந்த பெண்களுக்கு நீட்டப்பட்டது. அவர்கள் வேண்டாம் என்றார்கள். பசியோடு பொய்யையும் சேர்த்துக்கொள்ளாதீர்கள் என்ற கருத்தில் நபிகள் கண்டித்தார். இதுகூடப் பொய்யாக எழுதப்படுமா என்று ஒரு பெண் கேட்டாள். சின்னப் பொய் சின்னப் பொய்யாகவே எழுதப்படும் என்பது போல விடை கிடைத்தது. ஈரானிய வீடுகளில் தேநீரும் பழத்தட்டும் நீட்டப்படும்போது இரண்டு தடவை மறுத்து மூன்றாம் தடவை எடுத்துக்கொள்ளும் விருந்தாளி, கஸ்ஸாலியின் ஏட்டில் அன்றாடம் குற்றவாளி.

கஸ்ஸாலிக்கு முன்பே, சமயக் கோணத்தில் அல்லாமல் அரச குடும்பத்தின் கௌரவக் கோணத்தில் இதைக் கண்டித்தவர் கய்காவூஸ். காஸ்பியன் கடலோரத்தில் ஆண்ட ஸியாரித் வமிசத்தவரான அவர், 1082-ல் மகன் கீலான்ஷாவுக்காக ‘காபூஸ்நாமா’வை எழுதினார். விருந்தோம்பலைப் பற்றிய அத்தியாயத்தில் மகனுக்கு அவர் சொல்வது: விருந்தாளியிடம் சாப்பாட்டுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்காதே. நன்றாகச் சாப்பிடுங்கள், ஒன்றுமே சாப்பிடவில்லையே, கூச்சப்படாதீர்கள், உங்களுக்குத் தகுந்தபடி என்னால் செய்ய முடியவில்லை என்றெல்லாம் விநாடிக்கு விநாடி சொல்வது கடைத்தெருக்காரர்களின் குணம், எப்போதோ ஒருமுறை விருந்து வைப்பவனின் பேச்சு. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக்கு முன் அவர் பட்டியலிட்டுக் கேலி செய்த அதே வாக்கியங்களை இன்றைய ஈரானிய வீட்டம்மாக்கள் அட்சரம் பிசகாமல் சொல்கிறார்கள் என்பதை நோக்க, அறிவுரை எடுபடவில்லை என்றே கொள்ள வேண்டும்.

தாரோஃபை ஆதரிப்பவர்கள் அடிக்கடி துணைக்கு அழைப்பது ஷீராஸின் ஸாதியை. 1258-ல் அவர் முடித்த ‘குலிஸ்தான்’ முதல் கதையில், கொலைத் தண்டனை விதிக்கப்பட்ட கைதி ஒருவன் நம்பிக்கையிழந்து தன் மொழியில் மன்னனைத் திட்டுகிறான். என்ன சொல்கிறான் என்று மன்னன் கேட்க, கோபத்தை அடக்கி மன்னிப்பவரைப் போற்றுகிறான் என்று நல்ல மனமுள்ள அமைச்சர் மாற்றிச் சொல்கிறார். மன்னன் மனமிரங்குகிறான். மற்றொரு அமைச்சர் குறுக்கிட்டு உண்மையைப் போட்டுடைக்கிறார். அந்த உண்மையைவிட அவருடைய பொய்யே எனக்குப் பிடித்தது என்கிறான் மன்னன். நன்மை கருதிய பொய் கலகமூட்டும் மெய்யைவிட மேல் என்ற கருத்து இதிலிருந்து பழமொழியாகிவிட்டது. கதை நயமானது. ஆனால் தாரோஃபுக்கு அது பொருந்தாது. அந்த அமைச்சர் தான் சொன்னதை மன்னன் நம்ப வேண்டும் என்று விரும்பினார். நம்பினால்தான் ஓர் உயிர் பிழைக்கும். இனாமாக வைத்துக்கொள்ளுங்கள் என்னும் கடைக்காரரோ வாங்க வந்தவர் நம்பிவிடக் கூடாதே என்ற கவலையோடுதான் சொல்கிறார்.

இன்னும் வலுவான வாதம் இஸ்லாமியச் சட்டக் கோட்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. கூற்றுகளை அது இரண்டாகப் பிரிக்கும். நடந்ததை, இருப்பதை அறிவிப்பது ஒன்று. சொல்வதாலேயே ஒன்றைச் செய்வது மற்றொன்று. விற்றேன், மணந்தேன், மன்னித்தேன் என்பவை இரண்டாம் வகை. கட்டளை, வேண்டுதல், வாழ்த்து ஆகியவையும் அதில் சேரும். மெய், பொய் என்ற பேச்சு முதல் வகைக்கே பொருந்தும். உங்கள் கை வலிக்காதிருக்கட்டும் என்பது வேண்டுதல். அதில் பொய்க்கு இடமில்லை. உனக்காகப் பலியாகிறேன் என்பதும் இலக்கண வடிவத்தில் நான் பலியாவேனாக என்ற விருப்பமே. இப்படிப் பார்த்தால் முகமனில் பெரும்பகுதி பொய் என்ற குற்றச்சாட்டின் எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. எஞ்சி நிற்பது எனக்குப் பசியில்லை என்பது போன்ற, அறிவிப்பு வடிவிலான சில வாக்கியங்கள். கஸ்ஸாலி கைவைத்ததும் மிகச் சரியாக அங்கேதான்.

ஐரோப்பாவில் இதே முடிச்சை எடுத்தவர் இம்மானுவேல் காந்த். கொலைகாரன் வாசலில் வந்து நின்று கேட்டாலும் பொய் சொல்லலாகாது என்று 1797-ல் எழுதியவர் அவர். அதே ஆண்டில் வெளிவந்த அறவியல் நூலில், கடிதத்தின் முடிவில் தங்கள் பணிவுள்ள ஊழியன் என்று எழுதுவது பொய்யாகுமா என்ற கேள்வியை எழுப்பி, அதனால் யாரும் ஏமாறுவதில்லை என்று குறிக்கிறார். மறு ஆண்டு வந்த மானிடவியல் நூலில், மரியாதைப் பேச்சைச் சில்லறைக் காசுக்கு ஒப்பிட்டு, நல்ல குணங்களின் தோற்றத்தை நடித்து நடித்தே அவை மெல்ல மெல்ல உண்மையாகக்கூடும் என்கிறார். பாரசீக மரபில் இதற்கு இணை உண்டு. தமக்குத் தேவை இருந்தும் பிறருக்கு முதலிடம் தருவோரைக் குர்ஆன் புகழ்கிறது. ‘ஈஸார்’ எனப்படும் இந்தப் பண்பைச் சூஃபிகளும், வீரமும் ஈகையும் பேசிய ஜவான்மர்தி மரபினரும் தலையாயதாகக் கொண்டார்கள். நீஷாபூரின் ஸுலமி, 1021-ல் இறந்தவர், இந்த ஒழுக்கத்துக்கென்றே ஒரு நூல் எழுதினார். வாசலில் வழிவிடுவதும், தட்டின் பெரிய துண்டை அடுத்தவர் பக்கம் தள்ளுவதும் ஈஸாரின் பாலபாடம் என்று சொன்னால் மறுப்பதற்கில்லை. பாலபாடத்தோடு நின்றுவிடுகிறவர்களே அதிகம் என்பது வேறு விஷயம்.

யாரும் ஏமாறுவதில்லை என்ற வாதத்தின் ஓட்டையைக் காட்டுவது ரூமியின் ‘மஸ்னவி’ மூன்றாம் நூலில் உள்ள நகரத்தானும் கிராமத்தானும் கதை. கிராமத்தான் பட்டணம் வரும்போதெல்லாம் நகரத்தான் வீட்டில் மாதக்கணக்கில் தங்குவான். போகும்போது ஒவ்வொரு முறையும், எங்கள் ஊருக்குக் குடும்பத்தோடு வர வேண்டும், பழமும் பூவுமாக இருக்கும் காலத்தில் வர வேண்டும் என்று ஆணையிட்டுக் கெஞ்சுவான். ஆண்டுகள் பல கழிந்து, பிள்ளைகளின் நச்சரிப்புத் தாங்காமல் நகரத்தான் வண்டி கட்டிக்கொண்டு போகிறான். கிராமத்தான் கதவைச் சாத்திக்கொள்கிறான். நீ யார் என்றே எனக்குத் தெரியாது, நான் இரவும் பகலும் இறைவனில் மூழ்கிக் கிடப்பவன், எனக்கு என் நினைவே இல்லை என்கிறான். நாட்கணக்கில் குடும்பம் வாசலில் கிடக்கிறது. மழை கொட்டும் ஓர் இரவில், ஓநாய் வராமல் காவல் காப்பதாக ஒப்புக்கொண்டு தோட்டத்தில் ஒரு மூலையை வாங்குகிறான் நகரத்தான். இருட்டில் ஓநாய் என்று எண்ணி அம்பு விடுகிறான். அடிபட்டு விழும் விலங்கு வாயு விடுகிறது. ஐயோ, அது என் கழுதைக் குட்டியல்லவா, அந்தச் சத்தத்தை எத்தனை சத்தத்துக்கு நடுவிலும் எனக்குத் தெரியுமே என்று கிராமத்தான் அலறுகிறான். நகரத்தான் அவன் கழுத்தைப் பிடிக்கிறான். நள்ளிரவில், மழையில், கும்மிருட்டில் உன் கழுதை விடும் வாயுவை அடையாளம் தெரிகிறது. பத்து வருஷம் என் வீட்டில் சாப்பிட்ட உனக்கு என் முகம் தெரியவில்லையா?

கிராமத்தானின் அழைப்பு வெறும் முகமன் என்று எடுத்துக்கொள்ள நகரத்தானுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அதனால்தான் அவனும் ஆண்டுக்கணக்கில் தட்டிக் கழித்தான். அந்த மட்டும் ஏமாற்று ஒன்றுமில்லை. ஆனால் அந்த முகமனுக்குப் பின்னால், வருஷா வருஷம் உண்மையான சோறும் உண்மையான படுக்கையும் ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே போய்க்கொண்டிருந்தன. சொல் உண்மையா என்பதைவிட யார் கையிலிருந்து செலவு போகிறது என்பதே இங்கே கேள்வி. ரூமியின் கோபம் இன்னொன்றின் மேலும் விழுகிறது: பொய்யை மறைக்கக் கிராமத்தான் இறையனுபவத்தையே போர்வையாக இழுத்துக்கொண்டான். ஹாஃபெஸ் தன் கஸல்களில் ஓயாமல் சாடும் ‘ரியா’ என்ற போலிப் பக்தி இதுதான். இதற்கு நேர் எதிர், ‘மஸ்னவி’ இரண்டாம் நூலின் இடையன். இறைவனின் தலையைச் சீவிவிடுவேன், செருப்பைத் தைத்துத் தருவேன் என்று பிதற்றிய அவனை மோசே அதட்ட, இறைவன் மோசேயைக் கடிந்துகொள்கிறார். மரியாதை தெரியாத சொல்லுக்கு உள்ளே இருந்த உருக்கம் இறைவனுக்குப் போதுமானதாக இருந்தது.

செலவு இல்லாத முகமனைச் சாதாரண மக்களும் அடையாளம் கண்டு வைத்திருக்கிறார்கள். பழைய பொதுக் குளியலறைகளில் உள்ளே வருபவர், அங்கே குளித்துக்கொண்டிருக்கும் பெரியவர் மேல் பொதுத் தொட்டியிலிருந்து ஒரு கிண்ணம் வெந்நீர் ஊற்றி மரியாதை செய்வார். தண்ணீர் யாருடையதும் அல்ல. குளியலறைத் தண்ணீரைக் கொண்டு நட்புப் பிடிக்கிறான் என்ற வழக்கு இதிலிருந்து வந்தது. டெஹ்ரானுக்குத் தெற்கே ரேய் நகரில் ஷா அப்துல் அஸீம் அடக்கத்தலம் இருக்கிறது. 1888-ல் டெஹ்ரானிலிருந்து அங்கே ரயில் ஓடத் தொடங்கியது. திரும்பும் வண்டியைப் பிடித்தாக வேண்டிய யாத்திரிகர்களிடம், இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்று ஊர்க்காரர்கள் வற்புறுத்துவார்களாம். ஒப்புக்கு அழைப்பதற்கு இன்றும் ‘ஷா அப்துல் அஸீம் தாரோஃப்’ என்று பெயர். அழைத்தவர் மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. தாரோஃப் பலிக்கவும் செய்யும், பலிக்காமலும் போகும் என்று எச்சரிக்கிறது ஒரு பழமொழி. எச்சரிக்கை அழைப்பவனுக்கு, விருந்தாளிக்கு அல்ல.

இதிலிருந்து மீள்வதற்கு மொழியே ஒரு வழி வைத்திருக்கிறது. ‘பீ தாரோஃப்’, முகமன் இல்லாமல் சொல்கிறேன் என்று முன்னுரை கொடுத்துவிட்டால் அதன்பின் சொல்வது மெய் என்று ஏற்பாடு. ஆனால் வழக்கம் பொல்லாதது. இந்த முன்னுரையையும் முகமனாகவே சொல்லப் பழகிவிட்டார்கள். தேநீரை மறுப்பவர், முகமனுக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே வேண்டாம் என்கிறார்; வீட்டுக்காரர் அதையும் நம்பாமல் ஊற்றிவிடுகிறார். நகர்ப்புற இளைஞர் சிலர் தாரோஃபையே பழைய காலத்துப் பாசாங்கு என்று ஒதுக்கப் பார்க்கிறார்கள். அவர்களும் மாமனார் வீட்டு வாசலில் முதலில் நுழைவதில்லை.

சட்டம் இந்த விளையாட்டை எவ்வளவு தூரம் அனுமதிக்கும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. ஒருவருடைய பொருள் அவருடைய மனமார்ந்த சம்மதம் இல்லாமல் மற்றவருக்கு ஆகுமானதல்ல என்பது இஸ்லாமியச் சட்டத்தின் அடிப்படை. ஒப்பந்தங்கள் எண்ணத்தைப் பின்பற்றும் என்பது இன்னொரு விதி. ஆகவே, வைத்துக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர் முகமனுக்குச் சொன்னதால் சாமான் கைமாறிவிடாது. கூச்சத்தால் ஒருவர் மறுக்க முடியாமல் கொடுத்ததை, அவர் மனம் ஒப்பவில்லை என்று தெரிந்தும் வாங்கிக்கொள்வது ஆகாது. சொல்பவனுக்குச் சலுகை காட்டும் சட்டம், கேட்பவனிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே இருக்கிறது: முகமனை முகமன் என்று தெரிந்துகொள்ளும் பொறுப்பு அவனுடையது.

இந்த எல்லை மிகவும் உறுத்துவது ஒரே ஒரு விடைபெறுதலில். ஹஜ்ஜுக்கோ கர்பலாவுக்கோ புறப்படுபவர் உற்றார் வீடுகளுக்குப் போய் ‘ஹலாலம் கொனீத்’ என்று கேட்டுக்கொள்வது வழக்கம். உங்களுக்கு நான் ஏதேனும் தீங்கு செய்திருந்தால், உங்கள் பொருள் என்னிடம் நின்றிருந்தால், அதை எனக்கு ஆகுமானதாக்கி விட்டுக்கொடுங்கள் என்பது வேண்டுகோள். மரணப் படுக்கையிலும் இதைக் கேட்பார்கள். வழக்கமான பதில் முழுக்க முழுக்கத் தாரோஃப்: நீங்களா, எங்களுக்கா, நீங்கள் நன்மையைத் தவிர வேறு என்ன செய்தீர்கள், நாங்கள் அல்லவா உங்களிடம் கேட்க வேண்டும். கேட்டவர் நிம்மதியாகப் போய்விடுகிறார். ஆனால் கடனை விட்டுக்கொடுப்பதற்கு எண்ணம் வேண்டும். வாயளவில் சொன்ன விட்டுக்கொடுப்பு மறுமையின் கணக்கில் வரவு வைக்கப்படாது. பயணத்துக்கு முன் கொடுக்கல் வாங்கலைப் பார்த்து அடைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று மார்க்க அறிஞர்கள் வற்புறுத்துவது இதனால்தான். முகமனோடு வந்தவரிடம், அந்தப் பணம் இன்னும் வரவில்லையே என்று முகத்துக்கு நேரே சொல்ல ஈரானில் எந்த வீட்டிலும் ஆள் கிடைப்பது கஷ்டம்.